இயந்திரத்திற்குப் புதுத் தலை

 

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் டிராக்டர் என்ஜினைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று உங்களிற் சிலர் வியக்கலாம். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பௌதிகம் கற்பித்தவன். சூட்டினால் பொருள்கள் விரிகின்றன. அடைபட்ட வாயு நாற்புறமும் அழுத்துகிறது. உராய்வு நாம் செலவிடும் முயற்சியில் பெரும் பங்கை விழுங்கிவிடுகிறது. இம்மூன்றையும் கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. இம்மூன்றும் ஒரே இடத்தில் கூடி வாழ்வதைக் காண வேண்டுமானால், ஏதேனும் ஒரு பட்டறையில் திறந்து கிடக்கும் என்ஜினுக்கு அருகில் அரைநாள் நின்றாற் போதும். அவ்வாறு நின்று நான் கண்டவற்றையே இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

எங்கள் ஊர் வாலாஜாபாத். காஞ்சிபுரத்திற்குக் கிழக்கே, பாலாற்றங்கரையில், செங்கல்பட்டு–அரக்கோணம் இருப்புப்பாதையில் அமைந்த ஊர். ஒரு புறம் பட்டுத் தறியின் ஓசை. மறுபுறம் ஏரிப் பாசன வயல்கள். தென்னேரி முதலிய ஏரிகளில் நீர் நிரம்பினால் எங்கள் வட்டாரத்துக் குடியானவர்களின் முகமும் நிரம்பும். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டங்கள் மாறி மாறி வரும். வண்டலூர்ச் சாலையில் கிழக்கு நோக்கிச் சென்றால் ஒரகடம். அங்கே இன்று கார்களும் லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் உருவாகின்றன. இந்த ஒரகடத்திலும் அருகிலுள்ள வல்லம் வடகாலிலும் தொழிற்சாலைகள் வைத்திருக்கும் ராயல் என்ஃபீல்டு நிறுவனம், 1955-ஆம் ஆண்டு முதல் சென்னையில் காற்றினாற் குளிரும் புல்லட் வண்டிகளைச் செய்து புகழ் பெற்றது. 2023-ஆம் ஆண்டில்தான், மலைப் பாதைகளுக்கென்று செய்த ஹிமாலயன் வண்டியில், திரவத்தாற் குளிரும் 452 கன சென்டிமீட்டர் என்ஜினை முதன்முதலாகப் பொருத்தியது. சாலையற்ற இடத்தில் மெதுவாக ஏறும் வண்டிக்குக் காற்றோட்டம் குறைவு; உழைப்போ மிகுதி. ஆகவே அதற்கு நீரின் துணை பெரிதும் உதவுகிறது.

சாலையற்ற இடத்தில் ஓடும் வண்டி என்றவுடன் இளைஞர்களுக்கு மலையும் மணலும் நினைவுக்கு வரும். எங்கள் ஊரில் அத்தகைய வண்டிகளுள் மூத்தது டிராக்டர்தான். முழங்கால் ஆழச் சேற்றில், இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிக்கொண்டு, மணிக்கு நான்கைந்து கிலோமீட்டர் வேகத்தில் நாள் முழுதும் சேடை ஓட்டும் அந்த என்ஜினின் பாட்டை நினைத்துப் பாருங்கள். முன்னால் வந்து மோதும் காற்று ஏது? ரேடியேட்டரும் விசிறியும் தண்ணீருந்தான் அதன் உயிர்.

இனி, என்ஜினின் தலை என்பது யாது? பட்டறையில் அதனை 'ஹெட்' என்பார்கள். பிஸ்டன் ஏறி இறங்கும் உருளைகளை மேலிருந்து மூடும் கனத்த உலோக மூடி அது. மூடி என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். அதற்குள் இருக்கும் வேலைப்பாடோ சாதாரணமானதன்று. காற்று உள்ளே வரும் வழி, புகை வெளியேறும் வழி, அவ்வழிகளைத் திறந்து மூடும் வால்வுகள், டீசலைப் பனிபோலத் தூவும் இஞ்செக்டர், இவற்றையெல்லாம் சுற்றி ஓடும் நீர்க்கால்வாய்கள் ஆகிய அத்தனையும் அந்த ஒரே வார்ப்பில் அடங்கியிருக்கின்றன. தலைக்கும் உடலுக்கும் நடுவே மெல்லிய தகடு ஒன்று இருக்கிறது. அதுதான் ஹெட் கேஸ்கட். எரியும் வாயு, கொதிக்கும் நீர், ஓடும் எண்ணெய் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலவாமல் காப்பது அத்தகடே.

அது தாங்கும் பாரத்தைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். உருளையின் குறுக்களவு 9 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பரப்பு ஏறத்தாழ 64 சதுர சென்டிமீட்டர். டீசல் எரியும் கணத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 80 கிலோகிராம் அழுத்தம் எழுவதாகக் கொண்டால், தலையை மேல்நோக்கித் தள்ளும் விசை 5,000 கிலோகிராமைத் தாண்டிவிடும். அதாவது ஐந்து டன் பாரம். என்ஜின் நிமிடத்திற்கு 2,000 சுற்றுச் சுழன்றால், ஒவ்வோர் உருளையிலும் நிமிடத்திற்கு 1,000 முறை இந்த இடி விழுகிறது. உள்ளே எழும் சுவாலையின் வெப்பமோ 2,000 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேல். வார்ப்பிரும்பு 1,200 டிகிரிக்குள்ளும், அலுமினியம் 660 டிகிரியிலும் உருகிவிடும். ஆயினும் என்ஜின் உருகாமல் ஓடுகிறதே, எப்படி? சுவாலை கணநேரந்தான் நிற்கிறது. அது விட்டுச் செல்லும் வெப்பத்தை நீர் உடனுக்குடன் ஏந்திச் சென்றுவிடுகிறது. எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு உழைப்பாகிறது. ஒரு பங்கு புகையோடு போகிறது. இன்னொரு பங்கைச் சுமந்து செல்வது நீரின் கடமை.

அந்த நீர் 100 டிகிரியில் கொதித்துவிடாதா என்று கேட்பீர்கள். ரேடியேட்டரின் மூடியில் சுருள்வில் ஒன்று இருக்கிறது. உள்ளே வளிமண்டல அழுத்தத்தில் அரைப்பங்கு கூடுதலாக நிற்கும்படி அது பிடித்துக்கொண்டால், கொதிநிலை ஏறத்தாழ 111 டிகிரிக்கு உயர்ந்துவிடும். இதனாலேயே சூடான என்ஜினின் ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்கலாகாது. திறந்த கணத்தில் அழுத்தம் விழும். கொதிநீரும் ஆவியும் சீறிப் பாயும். முகமும் கையும் வெந்துபோகும். இன்று நான் சொல்வனவற்றுள் வேறு எதை மறந்தாலும் இதை மறவாதீர்கள்.

தலை ஏன் கெடுகிறது? பெரும்பாலும் சூட்டினால்தான். வைக்கோல் துரும்பும் சேறும் ரேடியேட்டரின் கண்களை அடைத்துக்கொள்ளும். விசிறியின் பெல்ட் தளர்ந்துவிடும். கிணற்று நீரையே ஆண்டுக்கணக்கில் ஊற்றியதால் சுண்ணாம்பு படிந்து நீர்வழிகள் குறுகிவிடும். கொதிக்கும் என்ஜினில் குளிர்ந்த நீரைக் குடத்தோடு கொட்டுவோரும் உண்டு. அப்பொழுது வால்வுகளுக்கு நடுவே வார்ப்பு விரிசல் காணும். அரைமீட்டர் நீளமுள்ள இரும்புத் தலை 60 டிகிரி சூடேறினால் ஒரு மில்லிமீட்டரில் மூன்றிலொரு பங்கு நீள்கிறது. அலுமினியமாயின் அதனினும் இருமடங்கு நீளும். எங்கும் ஒரே சீராக நீண்டால் குற்றமில்லை. ஓரிடம் மிகச் சூடேறி, மற்றோரிடம் குளிர்ந்து நின்றால் தலை கோணிவிடும்.

தலை கெட்டால் புதுத்தலை வேண்டும். அதனை என்ஜின் செய்த நிறுவனத்திடமே வாங்குவதா, பிறர் வார்த்து வெளிச்சந்தையில் விற்பதை வாங்குவதா? இக்கேள்வி மோட்டார் வண்டி பிறந்த காலந்தொட்டு இருந்து வருகிறது. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்ற ஃபோர்டு 'டி' வண்டியின் என்ஜினில் தலை தனியே கழற்றக்கூடியதாக இருந்தது. கழற்ற முடிந்தவுடன் மாற்றவும் தோன்றுமன்றோ? லூயி செவ்ரோலே என்ற பந்தய வீரரும் அவர் சகோதரரும் அந்த என்ஜினுக்கென்றே 'ஃப்ரான்டினாக்' என்னும் புதுத் தலைகளைச் செய்து விற்றார்கள். இங்கிலாந்தில் ஹாரி ரிக்கார்டோ என்ற பொறியியலறிஞர், தலையின் உட்குழிவை மாற்றி அமைத்தாலே வாயு நன்றாகச் சுழன்று சீராக எரியும் என்று காட்டினார். பின்னர் 1940-களில், அமெரிக்காவிற் குடியேறிய ஸோரா ஆர்க்கஸ்-டன்டோவ் என்பவர், ஃபோர்டு லாரிகளின் எட்டு உருளை என்ஜின் பாரம் இழுக்கையில் மிகச் சூடேறுவதைக் கண்டு, அதற்கு 'ஆர்டன்' என்னும் அலுமினியத் தலைகளை வடிவமைத்தார். பிறர் செய்த தலை என்பதனாலேயே அது தாழ்ந்ததாகிவிடாது என்பதற்கு இவை சான்று. அவ்வாறே, சந்தையில் மலிவாகக் கிடைப்பதெல்லாம் ஆர்டன் தலை ஆகிவிடாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சம்பாப் பட்டத்தில் எங்கள் ஊர்ப் பட்டறை ஒன்றில் நடந்ததைக் கேளுங்கள். பட்டறைக்காரர் என்னிடம் படித்த மாணவர். அருகிலுள்ள சிற்றூரிலிருந்து ஒரு குடியானவரின் டிராக்டர் கட்டி இழுத்துக்கொண்டு வரப்பட்டது. மூன்று உருளை கொண்ட பழைய டீசல் என்ஜின். ஏரி மதகு திறந்து நீர் வயலுக்கு வந்துவிட்டது. நாற்றங்காலில் நாற்றுக்கு வயது இருபத்தைந்து நாள். நாற்று முற்றினால் தூர் கட்டுவது குறையும். தூர் குறைந்தால் விளைச்சல் குறையும். அவர் தம் வயலை மட்டுமல்லாமல் அக்கம்பக்கத்தார் நால்வரின் வயலையும் உழுது தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். டிராக்டருக்கு வாங்கிய கடனின் தவணையும் அவ்வருவாயை நம்பியே இருந்தது.

நோயைக் கண்டறிதல் எளிதாகவே இருந்தது. என்ஜின் ஆறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து, ஓட்டிப் பார்த்தார்கள். நீரில் கொப்புளங்கள் விடாமல் எழுந்தன. எண்ணெய் அளக்கும் கம்பியை இழுத்தால், எண்ணெய் கறுப்பாயிராமல் மோர் கலந்தாற்போல வெளுத்திருந்தது. புகைக்குழாயில் வெண்மையான ஆவி வந்தது. வாயுவும் நீரும் எண்ணெயும் தத்தம் எல்லையைக் கடந்துவிட்டன என்பதற்கு இம்மூன்றும் சாட்சி.

தலையைக் கழற்றும் முறையிலேயே ஒருவருடைய தொழிற்பயிற்சி வெளிப்பட்டுவிடும். முதலில் பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றினார்கள். நீரையும் எண்ணெயையும் வடித்தார்கள். என்ஜின் முழுதும் குளிர்ந்த பின்னரே போல்ட்டுகளில் கை வைத்தார்கள். ஓரத்திலிருந்து தொடங்கி நடுவை நோக்கி, ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாகத் தளர்த்தினார்கள். ஒரே போல்ட்டை முழுதும் தளர்த்திவிட்டு அடுத்ததற்குப் போனால், தலை ஒருபுறம் தூக்கிக்கொண்டு கோணிவிடும். வால்வைத் தள்ளும் புஷ் ராடுகளை, எது எங்கே இருந்தது என்பது மாறாதபடி, அட்டையில் துளையிட்டு வரிசையாகக் குத்தி வைத்தாள், அங்கே பயிற்சிக்கு வந்திருந்த தொழிற்பயிற்சி நிலைய மாணவி ஒருத்தி. பல்லாண்டு ஒன்றோடொன்று தேய்ந்து இணங்கிய உறுப்புகளை இடம் மாற்றக்கூடாது என்பதை அவள் அறிந்திருந்தாள்.

தலை வெளியே வந்தது. இரண்டாம் உருளையின் வால்வுகளுக்கு நடுவே மயிரிழை போன்ற விரிசல். பழைய தலை இனி உதவாது. நிறுவனத்தின் தலை வந்து சேர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். வெளிச்சந்தைத் தலை மறுநாளே சென்னையிலிருந்து வந்துவிட்டது. விலையும் மிகக் குறைவு.

குடியானவரின் முகம் மலர்ந்தது. "மாட்டிவிடு தம்பி, நாளைக் காலையில் சேடையில் இறங்கிவிடலாம்" என்றார். பட்டறைக்காரர் மறுமொழி சொல்லவில்லை. புதுத் தலையையும் பழைய தலையையும் மேசைமேல் அருகருகே கவிழ்த்து வைத்தார். புதுக் கேஸ்கட்டை முதலில் பழைய தலைமீது வைத்துத் துளைகளைப் பார்த்தார். பிறகு புதுத் தலைமீது வைத்தார். மூன்றாம் உருளையின் ஓரமாக இருந்த நீர்த்துளை ஒன்று சரிபாதிக்கு மேல் மறைந்து நின்றது. வால்வு தலையின் முகத்திலிருந்து உள்ளே தாழ்ந்திருக்கும் ஆழத்தை அளந்தார். உருளைக்கு உருளை அளவு மாறியது.

"அண்ணே, தண்ணீர்தான் போகிறதே! பாதித் துளை போதாதா?" என்றாள் அம்மாணவி.

"இன்றைக்குப் போதும், நல்ல வெயிலில் மூன்றாம் நாள் போதாது" என்றார் அவர்.

அச்சொல்லில் இருந்த பௌதிகத்தை நான் அவளுக்கு விளக்கினேன். நீரோட்டம் குறைந்த இடத்தில் வெப்பம் தேங்கும். அங்கே உலோகம் மிகுதியாக விரியும். நீர் சிறு ஆவிக் குமிழாய்ச் சுவரை ஒட்டிக்கொள்ளும். ஆவி வெப்பத்தை நீரைப்போல ஏந்தாது. ஆகவே சூடு மேலும் ஏறும். பழைய தலை எவ்வாறு விரிந்ததோ அவ்வாறே புதியதும் விரியும். வால்வின் ஆழமோ அதனினும் அபாயம். டீசல் என்ஜினில் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது தலைக்கும் அதற்கும் உள்ள இடைவெளி மிகச் சிறிது. வால்வு போதிய அளவு தாழ்ந்திராவிட்டால் பிஸ்டன் அதன்மேல் மோதும். மிகத் தாழ்ந்துவிட்டால் அமுக்கம் குறைந்து, குளிர்ந்த காலையில் என்ஜின் கிளம்ப மறுக்கும்.

குடியானவருக்குக் கோபம் வந்தது. "நீர் போய்விட்டால் நீயா தம்பி நட்டத்தைத் தருவாய்?" என்று உரத்த குரலில் கேட்டார். அவர் நிலையில் யார் இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பார்கள். பட்டறைக்காரர் அமைதியாகக் கேஸ்கட்டை மறுபடியும் இரண்டு தலைகளின்மீதும் வைத்துக் காட்டினார். "ஐயா, நீங்களே பாருங்கள். இதை மாட்டினால் எனக்குக் கூலி இன்றைக்கே கிடைக்கும். உங்களுக்குத்தான் வயல் நடுவில் வண்டி நின்றுபோகும்" என்றார். குடியானவர் குனிந்து பார்த்தார், நெடுநேரம் பார்த்தார். பிறகு, அக்கம்பக்கத்தாரிடம் பேசி வாடகைக்கு வேறொரு டிராக்டர் பிடித்து, முற்றும் நிலையிலிருந்த நாற்றுக்கு உரிய வயல்களை மட்டும் முதலில் உழச் செய்தார்.

அந்தத் தலை கடைக்குத் திரும்பிற்று. இரண்டு நாளில் வேறொருவர் வார்த்த தலை வந்தது. அதுவும் வெளிச்சந்தைச் சாமான்தான். ஆனால் துளைகள் கேஸ்கட்டோடு கண்ணுக்குக் கண் பொருந்தின. வால்வின் ஆழம் கைப்புத்தகம் சொன்ன வரம்பிற்குள் நின்றது. நீரை அழுத்தத்தோடு செலுத்திச் சோதித்ததில் கசிவு காணவில்லை. பெயர்ப்பலகையை நம்பி வாங்குவதும் வேண்டாம், பெயர்ப்பலகை இல்லையென்று தள்ளுவதும் வேண்டாம். அளந்து பார்த்து முடிவு செய்தல் வேண்டும். விஞ்ஞானம் நமக்குக் கற்பிக்கும் குணம் இதுவே.

அதன்பின் தொடங்கியது தூய்மைப் பணி. உடலின் முகத்தில் ஒட்டியிருந்த பழைய கேஸ்கட்டை நனைத்து, கூர்மழுங்கிய தகட்டால் மெதுவாகச் சுரண்டினார்கள். பழைய கேஸ்கட்டுகள் பலவற்றில் கல்நார் கலந்திருக்கும். அதன் தூசி நுரையீரலுக்குக் கொடிய பகை. ஆதலால் உலர்ந்த நிலையில் தேய்ப்பதும் ஊதுவதும் தகா. போல்ட்டு இறங்கும் குழிகளையும் நன்றாகத் துடைத்தார்கள். அடி அடைபட்ட குழியில் சிறிது நீரோ எண்ணெயோ தேங்கியிருந்தால், போல்ட்டை முறுக்கும்போது அது அமுங்க மறுக்கும். திரவங்கள் எளிதில் அமுங்கா என்று படித்திருக்கிறீர்களே, அதே விதி இங்கே வார்ப்பையே பிளந்துவிடும்.

பின்னர் நேர்விளிம்புச் சட்டத்தை உடலின் முகத்தில் நீளவாட்டிலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய அளவுத்தகட்டை நுழைத்துப் பார்த்தார்கள். பல என்ஜின்களில் 0.1 மில்லிமீட்டரை ஒட்டியே இவ்வரம்பு இருக்கும். உங்கள் நோட்டுப் புத்தகத்தின் ஒற்றைத் தாளின் கனம் அவ்வளவுதான். ஒரு தாள் கனத்திற்குக் குழிந்திருந்தாலே ஐந்து டன் அழுத்தம் அவ்வழியே தப்பப் பார்க்கும். புதுத் தலையென்பதற்காக அதை அளக்காமல் விடவில்லை. அதன் முகத்தையும் அவ்வாறே அளந்தார்கள்.

கேஸ்கட் புதியது, ஒருமுறை அமுங்கிய கேஸ்கட்டை மறுமுறை போடலாகாது. மேற்புறம் இன்னதென்று அதில் பொறித்திருந்த குறியைப் பார்த்து வைத்தார்கள். தலையைச் சாய்க்காமல் நேராக இறக்கினார்கள். போல்ட்டுகளின் மரைகளுக்குக் கைப்புத்தகம் சொல்லியபடி சிறிது எண்ணெய் தடவி, முதலில் எல்லாவற்றையும் கையாலேயே திருகினார்கள். அதன்பின் டார்க் ஸ்பேனர் வந்தது. எவ்வளவு முறுக்கினோம் என்பதைக் காட்டும் ஸ்பேனர் அது.

முறுக்கும் வரிசை, கழற்றிய வரிசைக்கு நேர் எதிரானது. நடுவில் தொடங்கி இருபுறமும் மாறி மாறி ஓரத்தை நோக்கிச் செல்ல வேண்டும். அதுவும் ஒரே மூச்சில் அன்று, மூன்று சுற்றாக. "நடுவிலிருந்து ஏன், ஐயா?" என்று அம்மாணவி என்னைக் கேட்டாள். பள்ளியில் தேசப்படத்தைத் துணிமீது ஒட்டும்போது நாங்கள் நடுவில் அழுத்தித் தொடங்கி விளிம்புவரை தடவிக்கொண்டு போவோம். சுருக்கமும் காற்றும் வெளியே தள்ளப்பட்டுவிடும். விளிம்புகளை முதலில் ஒட்டினால் சுருக்கம் நடுவிலேயே அகப்பட்டுக்கொள்ளும். தலையும் அப்படித்தான். மூன்று சுற்று ஏன் என்பதற்கு எங்கள் ஊர்த் தறியே விடை சொல்லும். தெருவில் பாவு விரித்து இழுக்கும் நெசவாளர் ஒரே இழையை வலிந்து இழுப்பதில்லை. எல்லா இழைகளும் ஒரே இழுப்பில் நிற்கும்படி சிறிது சிறிதாகச் சரிசெய்வார். ஓர் இழை தளர்ந்தாலும் சேலை சுருங்கும். ஒரு போல்ட்டு தளர்ந்தாலும் கேஸ்கட் அங்கேதான் எரியும்.

இங்கே ஒரு நுட்பம். நாம் ஸ்பேனரில் செலுத்தும் முறுக்கில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு, போல்ட்டின் தலையடியிலும் மரையிலும் உள்ள உராய்வுக்கே இரையாகிறது. எஞ்சிய ஒரு பங்குதான் போல்ட்டை வில்லைப்போலச் சற்றே நீட்டி, தலையைப் பிடித்துக்கொள்ளச் செய்கிறது. மரையில் துருவும் அழுக்கும் இருந்தால் உராய்வு இன்னும் பெருகும். ஸ்பேனர் குறித்த அளவைக் காட்டும்; ஆனால் பிடிப்பு பாதிகூட இராது. கருவி பொய் சொல்லவில்லை. நாம் தூய்மை செய்யாததை அது அறியாது, அவ்வளவே. இக்காலத்து என்ஜின்கள் சிலவற்றில், முதலில் சிறிது முறுக்கி, பிறகு இத்தனை பாகை திருப்புக என்று விதித்திருப்பதற்கும் இதுவே காரணம். அவ்வகையில் நீண்டு தளரும்படி செய்த போல்ட்டுகளை மறுமுறை பயன்படுத்தலாகாது.

புஷ் ராடுகள் தத்தம் இடத்திற்குத் திரும்பின. ராக்கரை மாட்டி, வால்வுகளுக்கு உரிய இடைவெளியை அளந்து வைத்தார்கள். உலோகம் சூட்டில் நீளும் என்பதற்காகவே அந்த இடைவெளி. இஞ்செக்டருக்கு அடியில் புது வாஷர் இட்டார்கள். எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றினார்கள். ரேடியேட்டரின் கண்களைப் பின்புறமிருந்து நீர்விட்டுக் கழுவினார்கள், பெல்ட்டையும் புதிதாக்கினார்கள். நோய்க்குக் காரணமானவற்றை விட்டுவிட்டுத் தலையை மட்டும் மாற்றினால், புதுத்தலையும் பழைய வழியே போகுமன்றோ? கிணற்று நீருக்குப் பதிலாக, துருவைத் தடுக்கும் மருந்து கலந்த குளிர்விப்புத் திரவத்தைத் தூய நீரோடு சேர்த்து மெதுவாக ஊற்றி, உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றினார்கள்.

என்ஜின் கிளம்பிற்று. முதலில் சிறிது வெண்புகை, பிறகு தெளிந்தது. வெப்பமானியின் முள் நடுவில் வந்து நின்றது. கொப்புளம் இல்லை, கசிவு இல்லை. குடியானவர் அவசரப்பட்டாலும் பட்டறைக்காரர் விடவில்லை. என்ஜின் நன்றாகச் சூடாகி மறுபடியும் ஆறும்வரை வைத்திருந்து, கைப்புத்தகம் சொன்னபடி போல்ட்டுகளை மீண்டும் ஒருமுறை சரிபார்த்து, குறைந்த நீரை நிரப்பி, அதன் பின்னரே அனுப்பினார். மூன்று வயல்கள் வாடகை டிராக்டரால் உழப்பட்டன. எஞ்சியவற்றை இவருடைய டிராக்டரே உழுதது. வாடகையால் வருவாயில் ஒரு பகுதி கரைந்தது உண்மை. பட்டம் தப்பவில்லை, தவணையும் தவறவில்லை. அடுத்த நவரையிலும் அதே தலையோடு அந்த வண்டி சேற்றில் இறங்கியதை நான் கண்டேன்.

மாணவ மாணவியரே, 1978-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோதே தொழிற்கல்விப் பிரிவும் உடன் தொடங்கப்பட்டது. ஆயினும், படிப்பில் பின்தங்கியவர்க்கே பட்டறை என்ற எண்ணம் நம்மிடமிருந்து முற்றும் அகலவில்லை. அன்று அந்தப் பட்டறையில் நான் கண்டது என்ன? விரிவு, அழுத்தம், உராய்வு, கொதிநிலை, மீட்சி ஆகியவை பற்றிய பாடங்கள் ஒருவர் கைவிரலில் குடியிருந்தன. அவற்றோடு, மதிப்பெண் பட்டியலில் இடம்பெறாத ஒன்றும் இருந்தது: கண்முன் கூலியும், எதிரே கோபமும் நிற்கும்போது, பாதி மறைந்த ஒரு துளைக்காக 'மாட்டமாட்டேன்' என்று சொல்லும் நெஞ்சுரம். அந்தத் துளையைத் தலை மாட்டியபின் எவரும் பார்க்க முடியாது. பார்க்க முடியாத இடத்தில் செய்யும் வேலைதான் ஒருவருடைய கல்வியைக் காட்டுகிறது.

நீங்கள் பொறியாளராகலாம், மருத்துவராகலாம், தறியிலோ வயலிலோ அலுவலகத்திலோ அமரலாம். எங்கிருந்தாலும் பொருத்துவதற்கு முன் அளந்து பாருங்கள். முறுக்குவதற்கு முன் துடைத்துவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் நிறுத்துங்கள். அவசரம் எப்பொழுதும் நம் வாசலில் நின்றுகொண்டுதான் இருக்கும். அதற்கு அமர ஓர் ஆசனம் கொடுத்துவிட்டு, நாம் நம் வேலையை வரிசைப்படி செய்வோமாக.